மாவுக்கட்டுக்குள் நடக்கும் வேலை

சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்ட எட்டு வயதுப் பையனுக்கு மாவுக்கட்டுப் போடுகிறார்கள். முதல் வாரம் வலி. இரண்டாம் வாரம் கட்டுக்குள் அரிப்பு. மூன்றாம் வாரம் வகுப்புத் தோழர்கள் கட்டின்மேல் பெயர் எழுதுகிறார்கள். ஐந்தாறு வாரங்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் கை மெலிந்திருக்கிறது, தோல் வறண்டிருக்கிறது, எலும்பு கூடியிருக்கிறது. கட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் கட்டு எந்த எலும்பையும் ஒட்டுவதில்லை. உடைந்த இரண்டு முனைகளையும் நேர்க்கோட்டில் வைத்து, அசையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. 1850-களின் தொடக்கத்தில் ஆண்டோனியஸ் மதைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர், துணிச் சுருளில் ஜிப்சம் பொடியைத் தேய்த்து, தண்ணீரில் நனைத்துச் சுற்றும் முறையைப் பரப்பினார். ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளச் செல்கிறவர்களுக்கு மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் மூலிகையும் தெரிந்திருக்கும். பொருள்கள் வேறானாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அசைவை நிறுத்துவது. விலகிய எலும்பை நேராக்காமல் கட்டினால் கோணலாகவே கூடும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையே அழுகிப்போகும். எனவே எந்தக் கட்டானாலும் எக்ஸ்ரே பார்க்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கட்டிய பிறகு விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது.

கட்டு ஒட்டவில்லை என்றால் ஒட்டியது யார்? எலும்பு முறிந்த கணத்தில் அதனுள்ளும் மேலும் ஓடும் ரத்தக் குழாய்கள் அறுந்து, முறிவைச் சுற்றி ரத்தம் உறைகிறது. வீக்கம் அதனால்தான்; பழுதுபார்க்கும் வேலைக்கு முதல் சாரக்கட்டும் அந்த உறைந்த ரத்தம்தான். சில நாட்களில் அதற்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்து வருகின்றன. அவற்றோடு நார் நெய்யும் செல்களும் குருத்தெலும்பு செய்யும் செல்களும் வருகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் முறிவின் இரு கரைகளையும் இணைத்து ரப்பர் போன்ற ஒரு திரட்சி உருவாகிறது. இந்த நிலையில் கையை ஆட்டினால் பாலம் அறுந்துவிடும். பிறகு அந்தத் திரட்சியில் சுண்ணாம்புச் சத்து ஏறி, அது எலும்பாகிறது. கட்டுப் பிரிக்கும் நாளில் எக்ஸ்ரேயில் தெரியும் முண்டு அதுதான். பெற்றோர் அதைப் பார்த்துப் பயப்படுவதுண்டு, பயம் தேவையில்லை. அடுத்து வரும் மாதங்களில் மிகையாக இருப்பது மெல்ல அரிக்கப்பட்டு, எலும்பு தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. குழந்தைகளுக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில், முறிந்த இடம் எது என்று பழகிய கண்ணுக்கும் பல வேளைகளில் தெரியாது. தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் வடு மிஞ்சுகிறது. எலும்போ வடுவாக ஆறுவதில்லை, எலும்பாகவே ஆறுகிறது. உடலில் இந்தத் திறமை வெகு சில உறுப்புகளுக்கே உண்டு.

கோயில் தூண் ஒன்று விரிசல் விட்டால் நூறு ஆண்டுகள் காத்திருந்தாலும் தானாகக் கூடாது. எலும்பைத் தூணாகவே நினைத்துப் பழகிவிட்ட நமக்கு இந்த வேறுபாடு உறைப்பதில்லை.

உலர்ந்த கூடு சொல்லாதது

அந்த நினைப்புக்குப் பள்ளி ஆய்வகத்தின் மூலையில் கம்பியில் தொங்கிய எலும்புக்கூடும் ஒரு காரணம். வெளுத்து, உலர்ந்து, தட்டினால் 'டக்' என்று ஒலிக்கும் அந்தப் பொருளைப் பார்த்துத்தான் எலும்பு என்றால் இதுதான் என்று கற்றோம். உடலுக்குள் இருக்கும் எலும்பு அப்படி இல்லை. அது ஈரமானது, இளஞ்சிவப்பு நிறமானது, அறுத்தால் ரத்தம் கசிவது. வெளியே மெல்லிய சவ்வு ஒன்று அதைப் போர்த்தியிருக்கிறது. நரம்புகள் நிறைந்த சவ்வு அது. முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பு கட்டில் விளிம்பில் இடித்தால் உயிர் போகிற மாதிரி வலிப்பதற்குக் காரணம், அந்த இடத்தில் தோலுக்கும் இந்தச் சவ்வுக்கும் நடுவே மெத்தைபோல் சதை இல்லாததுதான்.

கிளாப்டன் ஹேவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1691-இல் வெளியிட்ட நூலில், கெட்டியான எலும்புக்குள் நீளவாக்கில் ஓடும் நுண்ணிய துளைகளை விவரித்தார். இன்றும் அவை ஹேவர்ஸ் கால்வாய்கள் என்றே அழைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கால்வாயிலும் ரத்தக் குழாயும் நரம்பும் செல்கின்றன. அதைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் எலும்பு அடுக்குகள். அடுக்குகளுக்கு இடையே சிறு குழிகளில் ஆஸ்டியோசைட் எனப்படும் செல்கள் குடியிருக்கின்றன. எலும்பிலுள்ள செல்களில் 10-க்கு 9 இவைதான். கெட்டிச் சுவருக்குள் சிறைப்பட்டவைபோல் தோன்றினாலும், மயிரிழையைவிட மெல்லிய கிளைகளை நீட்டி அண்டைச் செல்களோடு அவை தொடர்பில் இருக்கின்றன. இவை எதற்கு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எலும்பு எதனால் ஆனது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். கோழிக்கால் எலும்பைக் கழுவி, வினிகரில் மூழ்கவைத்து, இரண்டொரு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு வாரம் போனால் எலும்பு ரப்பர் குச்சிபோல் வளையும். அமிலம் தாதுவைக் கரைத்துவிட்டது. மிஞ்சியிருப்பது கொலாஜன் என்னும் புரத நார். மாறாக எலும்பை நெருப்பில் சுட்டால் நார் கருகிப்போய்த் தாது மட்டும் நிற்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். வளையும் நாரும் நொறுங்கும் தாதுவும் சேர்ந்ததால்தான் எலும்புக்கு எளிதில் வளையாத, எளிதில் நொறுங்காத குணம் கிடைத்தது. எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் தாது, மீதி கொலாஜனும் தண்ணீரும். அந்தத் தாதுவின் பெயர் ஹைட்ராக்சிஅபடைட்: கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். வீட்டுக்குத் தளம் போடுகிறவர்கள் கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பது இதே காரணத்துக்காகத்தான். நாம் வீடு கட்டப் பயன்படுத்தும் சாதாரணக் கான்கிரீட்டைவிடக் கெட்டி எலும்பு பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். இவ்வளவையும் செய்துவிட்டு மொத்த எலும்புக்கூடும் உடல் எடையில் 15 சதவீத அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

சிறுவர்களின் எலும்பில் நாரின் பங்கு கூடுதல். எனவே அது பல வேளைகளில் முழுதாக முறிவதில்லை. பச்சைக் கொம்பை வளைத்தால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படி முறிகிறது. வயது ஏற ஏற எலும்பு காய்ந்த சுள்ளியின் குணத்தை நோக்கி நகர்கிறது.

206 என்ற எண்

வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள் என்று மனப்பாடம் செய்திருப்போம். அந்த எண் இறுதிக் கணக்கு மட்டுமே. பிறக்கும் குழந்தைக்கு 270-க்கு மேல் இருக்கும். வளர வளரப் பல துண்டுகள் ஒன்றோடொன்று கூடி எண்ணிக்கை குறைகிறது. பச்சிளம் குழந்தையின் தலையில் துடிக்கும் உச்சிக்குழியை எண்ணெய் தேய்க்கும் பாட்டிகள் நன்றாக அறிவார்கள். மண்டையோட்டுத் தகடுகள் இன்னும் சேராத இடம் அது. பிறப்பின்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறித் தலை குறுகி வழிவிடவும், பிறகு மூளை வேகமாக வளரவும் அந்த இடைவெளி தேவைப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்கிறது. தவழும் குழந்தையின் முழங்கால் சில்லு இன்னும் எலும்பாகவே ஆகியிருக்காது. மூன்று வயதுக்கு மேல்தான் அந்தக் குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்குகிறது.

206-இல் பாதிக்கு மேல் கைகளிலும் பாதங்களிலுமே இருக்கின்றன. ஒரு கையில் மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை 27, ஒரு பாதத்தில் 26. நான்கையும் கூட்டினால் 106. பூத்தொடுக்கும் விரல்களையும், மேடு பள்ளத்தில் தானாகச் சரிசெய்துகொள்ளும் பாதத்தையும் பார்த்தால் இவ்வளவு துண்டுகள் எதற்கு என்று கேட்கத் தோன்றாது. காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடலிலேயே மிகச் சிறியது. தொடை எலும்பு மிக நீளமானது. தொண்டையில் நாக்கின் அடியில் இருக்கும் நாவடி எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டால் சேராமல், தசையிலும் நாரிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இவற்றில் எனக்குப் பிடித்தது காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே இரு பக்கமும் தோலுக்கடியில் தெரிகிற, கையைத் தோளோடு உடலில் பூட்டி வைக்கிற எலும்பு. தாயின் கருவில் ஐந்து, ஆறு வார வயதிலேயே எலும்பாகத் தொடங்கும் முதல் எலும்பு அதுதான். கடைசியாக வளர்ச்சி முடிந்து மூடுவதும் அதுதான், அதுவும் ஏறத்தாழ 25 வயதில். நீண்ட எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பால் ஆன வளர்தட்டு இருக்கிறது. உயரம் கூடுவது அங்கே நடக்கும் வேலையால்தான். அது முற்றிலும் எலும்பாகிவிட்டால் உயரம் நின்றுவிடுகிறது. வளர்தட்டு திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் வயது குறித்த வழக்குகளில் மருத்துவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். வளர்ச்சி முடிந்தவருக்கு உயரம் கூட்டித் தருவதாக விற்கப்படும் பொடிகள் எதனாலும் மூடிய தட்டைத் திறக்க முடியாது. அவற்றுக்குப் பெற்றோர் செலவிடும் பணத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முதுகெலும்பு கருவில் 33 துண்டுகள். வளர்ந்தபின் கீழே உள்ளவை கூடி 26 ஆகிவிடுகின்றன. பக்கவாட்டில் பார்த்தால் அது நேராக இல்லாமல் முன்னும் பின்னுமாக நெளிந்திருக்கும். இந்த நெளிவுதான் நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியைச் சுருள்வில்போல் வாங்கிக்கொள்கிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகள் நீர் நிறைந்தவை. பகல் முழுவதும் உடல் எடை அழுத்த அழுத்த அவற்றிலிருந்து நீர் கசிகிறது. இரவு படுத்ததும் திரும்ப ஊறுகிறது. காலையில் எழும்போது நாம் எல்லோரும் மாலையைவிட ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ உயரமாக இருக்கிறோம்.

கிரேன் வரைந்த பொறியாளர் கண்டது

1860-களில் சூரிக் நகரில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூறியலாளர், தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காகப் பிளந்து உள்ளமைப்பை வரைந்து வைத்திருந்தார். அந்தப் பகுதியில் எலும்பு கெட்டியாக இல்லாமல், கடற்பஞ்சைப்போல் நுண்ணிய தட்டிகளும் துளைகளுமாக இருக்கும். பார்த்தவர்களுக்கு அது ஒழுங்கற்ற வலையாகவே தெரிந்தது. அந்த வரைபடம் கார்ல் குல்மன் என்ற பொறியாளரின் கண்ணில் பட்டது. பாலங்களிலும் கிரேன்களிலும் பளு எந்தக் கோடுகளின் வழியாக இறங்குகிறது என்று கணக்கிடுவது அவர் தொழில். வளைந்த தலையுடைய ஒரு கிரேனில் அழுத்தமும் இழுவையும் ஓடும் கோடுகள் எப்படி வளையுமோ, அப்படியே அந்தத் தட்டிகள் வளைந்து குறுக்கிட்டிருப்பதை அவர் அடையாளம் கண்டார். பளு இறங்கும் வழியில் மட்டும் பொருளை வைத்து, இறங்காத இடத்தை வெற்றாக விட்டிருக்கிறது எலும்பு.

பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் இதை மேலும் தொடர்ந்து, 1892-இல் ஒரு விதியாக முன்வைத்தார்: எலும்பின் மீது விழும் பளு மாறினால், எலும்பின் உள்ளமைப்பும் வடிவமும் அதற்கேற்ப மாறும். எலும்பைக் கட்டியவர் ஒருமுறை கட்டிவிட்டுப் போய்விடவில்லை, நாள்தோறும் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பதே அதன் பொருள். டென்னிஸ் வீரர்களின் ராக்கெட் பிடிக்கும் கையின் மேற்கை எலும்பு மற்றக் கையினதைவிடத் தெளிவாகவே தடித்திருக்கிறது. இதற்கு மறுபக்கம் விண்வெளி. எடையே உணராமல் மிதக்கும் விண்வெளி வீரர்கள், இடுப்பு போன்ற பளு தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை தாதுவை இழக்கிறார்கள். அங்கே அவர்கள் தினமும் மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்வது இதைத் தடுக்கத்தான். நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் இதே இழப்பு ஏற்படுகிறது. மாவுக்கட்டிலிருந்து வெளிவந்த பையனின் கையில் தசையோடு எலும்பும் சிறிது இளைத்திருக்கும். விளையாடத் தொடங்கினால் திரும்பிவிடும்.

திருத்தும் வேலையை இரண்டு வகைச் செல்கள் செய்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலத்தால் தாதுவைக் கரைத்து, நொதியால் நாரைச் செரித்துக் குழி பறிக்கிறது. அதன் பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் வந்து, கொலாஜனை நெய்து, அதில் தாதுவைப் படியவைத்துக் குழியை நிரப்புகிறது. பறிக்கச் சில வாரங்கள், நிரப்ப மூன்று நான்கு மாதங்கள். இந்தக் கால வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; முதுமையில் நடப்பதைப் புரிந்துகொள்ள அது உதவும். எங்கே பறிப்பது, எங்கே கட்டுவது என்று சொல்பவை முன்பு பார்த்த, சுவருக்குள் குடியிருக்கும் ஆஸ்டியோசைட்டுகள். நாம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது. நுண்குழாய்களில் உள்ள திரவம் நகர்கிறது. அந்த நகர்வை அந்தச் செல்கள் உணர்கின்றன. வளர்ந்தவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. இன்று நீங்கள் நிற்கும் எலும்பில் பெரும் பகுதி பத்தாண்டுகளுக்கு முன் உங்களிடம் இருந்ததல்ல.

கழுத்தில் இருக்கும் கணக்குப்பிள்ளை

உடலில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் ஓடுவது ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் நரம்பில் செய்தி செல்லவும் ரத்தம் உறையவும் வேண்டியது அந்தச் சிறு பங்கு. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் அது நின்றாக வேண்டும். அதைக் காப்பவை கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள், ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு. மனிதரில் இவற்றை முதலில் தெளிவாக விவரித்தவர் இவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-இல், சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்தபோது. அந்தக் காலத்தில் கழுத்துக்கழலைக்காகத் தைராய்டை அகற்றிக்கொண்ட நோயாளிகள் சிலருக்கு அறுவைக்குப் பின் கை கால் இழுத்துக்கொள்ளும். தைராய்டோடு இந்த அரிசி மணிகளும் வெட்டி எறியப்பட்டதே காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

ரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்க உத்தரவிடுகிறது. சாப்பாட்டில் கால்சியம் இல்லை என்று இதயம் ஒரு நொடியும் காத்திருக்காது. எலும்பு கொடுத்தே ஆக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியத்தைப் பரிந்துரைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியில் இருப்பது அதன் சிறு பின்னம்தான். கேழ்வரகுக் களியும் கூழும் நம் தட்டிலிருந்து விலகிய இடத்தை வெறும் சோறு பிடித்ததில் நாம் இழந்தவற்றில் இது ஒன்று. முள்ளோடு மெல்லும் நெத்திலியும் தயிரும் மோரும் எள்ளும் கைகொடுக்கும்.

சாப்பிட்டால் மட்டும் போதாது, குடல் உறிஞ்ச வேண்டும். அதற்கு வைட்டமின் டி வேண்டும். அது இல்லாவிட்டால் உண்ட கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதமே உள்ளே செல்கிறது. இருந்தால் 30 முதல் 40 சதவீதம். தோலில் வெயில் பட்டு உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் முழுமை பெறும் பொருள் அது. வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் இந்தக் குறைபாடு பரவலாக இருப்பதற்குக் காரணம் வெயில் இல்லாதது அன்று, அது தோலில் படாததுதான். அதற்குத் தேவையான கதிர்கள் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. அதிகாலை, அந்தி வெயிலிலும் அவை மிகக் குறைவு.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைப் பற்றி ஒரு பத்தியில் சொல்வது நியாயமில்லை. அது தனிக் கட்டுரை கேட்கும் பொருள். 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் நாய்மன் ரத்த அணுக்கள் மஜ்ஜையில்தான் உருவாகின்றன என்று காட்டினார். அதுவரை எலும்புக்கும் ரத்தத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்குமென்று மருத்துவ உலகம் நினைக்கவில்லை. குழந்தையில் எல்லா எலும்புகளிலும் சிவப்பு மஜ்ஜை இருக்கிறது. வளர்ந்தபின் அது முள்ளெலும்பு, மார்பெலும்பு, விலா, இடுப்பு, மண்டையோடு ஆகியவற்றோடும் தொடை, மேற்கை எலும்புகளின் மேல்முனையோடும் நின்று, மற்ற இடங்களில் கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜையாகிறது. நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. ரத்தப் புற்றுநோய் பரிசோதனைக்கு இடுப்பெலும்பில் ஊசி போடுவது இதனால்தான்.

ஒரே சொல், இரண்டு நோய்கள்

நம் ஊரில் 'எலும்புத் தேய்மானம்' என்ற சொல்லை முழங்கால் வலிக்கும் சொல்கிறோம், கூன் விழுவதற்கும் சொல்கிறோம். இவை வேறு வேறு நோய்கள். சொல் ஒன்றானதால் சிகிச்சையும் ஒன்றுதான் என்று பலர் நம்பி, மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார்கள்.

முழங்காலில் முதலில் தேய்வது எலும்பு அன்று, எலும்பு முனையைப் போர்த்திய வழவழப்பான குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுக்கு நீரிலிருந்துதான் அதற்கு உணவு கிடைக்கிறது. மூட்டு மடங்கி நிமிரும்போது கடற்பஞ்சைப்போல் அது பிழியப்பட்டும் உறிஞ்சியும் உண்கிறது. அசையாத மூட்டின் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது. எலும்பு ஆறுவதுபோல் அது ஆறாததற்கும் ரத்த ஓட்டம் இல்லாததே காரணம். நாம் பொதுவாக 'ஜவ்வு' என்று சொல்வதும் இரண்டு பொருள்களைக் குறிக்கிறது: எலும்போடு எலும்பைக் கட்டும் நார் ஒன்று, முழங்காலுக்குள் மெத்தையாக இருக்கும் பிறை வடிவக் குருத்து மற்றொன்று. ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொன்னால், எந்த ஜவ்வு என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மற்றது எலும்பின் அடர்த்தி குறைவது. சுமார் 30 வயதில் எலும்பின் சேமிப்பு உச்சத்தைத் தொடுகிறது. அதன்பின் பறிப்பும் நிரப்புவதும் சிறிது காலம் சமமாக நடந்து, பிறகு பறிப்பு முந்துகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைய, அரிக்கும் செல்களுக்கு இருந்த கடிவாளம் தளர்கிறது. பறிக்கச் சில வாரங்கள், நிரப்ப மாதங்கள் என்று பார்த்தோமல்லவா? ஒரே நேரத்தில் பல இடங்களில் குழி பறிக்கத் தொடங்கினால் நிரப்புகிறவரால் ஈடுகொடுக்க முடியாது. பஞ்சுபோன்ற பகுதியின் தட்டிகள் மெலிந்து, அறுந்துபோகின்றன. வலி இருக்காது; எந்த அறிகுறியும் இருக்காது. முதல் அறிகுறியே முறிவுதான். தடுக்கி விழும்போது ஊன்றிய கையின் மணிக்கட்டு முறியும். டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல், எக்ஸ்ரே வருவதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே, கையால் தடவி உணர்ந்து விவரித்த முறிவு அது. முள்ளெலும்புகள் மெல்ல நசுங்கி உயரம் குறைந்து கூன் விழும். குளியலறையில் வழுக்கினால் இடுப்பு முறியும். மூன்றிலும் அதுவே கொடியது, ஏனெனில் முதியவரைப் படுக்கையில் தள்ளுகிறது, படுக்கை எலும்பை இன்னும் அரிக்கிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா என்ற ஸ்கேனில், ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் இந்த நோய் இருப்பதாகக் கொள்கிறார்கள். மாதவிடாய் நின்ற அம்மாவின் சர்க்கரை அளவு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவருடைய எலும்பின் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

தண்ணீர் எழுதிய எலும்பு

கால்சியம் எலும்பில் சேர்வதுபோல் வேறு பொருள்களும் சேரும். 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், முதுகை வளைக்க முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் மரக்கட்டைபோல் இறுகிப்போன மக்களை எச்.இ. ஷார்ட், சி.ஜி. பண்டிட் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் ஆராய்ந்து விவரித்தார்கள். காரணம் குடிநீரில் இருந்த ஃப்ளூரைடு. அது எலும்புத் தாதுப் படிகத்துக்குள் புகுந்து, ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸ்ரேயில் அந்த எலும்பு வழக்கத்தைவிட வெண்மையாக, அடர்த்தியாகத் தெரியும். அடர்த்தி கூடியும் அது பலம் கூடிய எலும்பு அன்று. முதுகெலும்பைக் கட்டும் நார்களிலும் சுண்ணாம்பு ஏறி, தனித்தனி முள்ளெலும்புகள் ஒரே கோலாக உறைகின்றன.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதே துயரத்தை நெடுங்காலம் சுமந்தவை. அங்குள்ள பாறைகளிலிருந்து ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அங்கே பல கிணறுகள் அதைத் தாண்டியவை. வானம் பார்த்த பூமியில் கிணறு ஆழமாக ஆழமாகக் குடிநீரே நோயாயிற்று. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டபோது, ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைப்பது அதன் பெயரிலேயே இடம்பெற்றிருந்தது.

ஆற்று நீர் வந்த மறுநாளே எலும்பு மாறிவிடாது. ஃப்ளூரைடு எலும்பை விட்டு நீங்கும் முக்கிய வழி, பழைய எலும்பு அரிக்கப்பட்டுப் புதிது கட்டப்படும் அதே மெதுவான சுழற்சிதான். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். இறுகிய நார்கள் பழையபடி இளகுவதுமில்லை. தண்ணீர் உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்பதை முதலில் காட்டுவது குழந்தைகளின் பல். நிலைத்த முன்பற்களின் எனாமல், அவை வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஈறுக்குள் உருவாகிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் குழந்தை குடித்த தண்ணீரின் கணக்கு அதில் பதிகிறது. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வந்துசேர்ந்த ஊரில் பிறந்த குழந்தைக்கு ஆறு, ஏழு வயதில் பால்பல் விழுந்து, அந்த இடத்தில் பழுப்புக் கறை இல்லாத பல் முளைக்கும்.